பச்சை நாடா

கொம்புவைக் கழுவக் கூடாது.
மேலே பூத்திருக்கும் வெள்ளை தூசி அல்ல, ருசி.
ஈரத் துணியால் ஒற்றினால் போதும்,
காய்ச்சல்காரன் நெற்றியை ஒற்றுவது போல.

இந்திராநகரில் ஒரு இரண்டாம் மாடிச் சமையலறை.
அடுப்பின் மேல் இரண்டு பானைகள்,
ஒரே அளவு, ஒரே பளபளப்பு.
ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நாடா:
கடல்பாசியோடு சூரை மீன் சீவல்.
மற்றதில் பச்சை:
பாசியும் காய்ந்த காளானும் மட்டும்.
பார்க்கிறவருக்கு இரண்டும்
தேயிலை மறந்த தேநீர்.

மிசோ டப்பாவை முதன்முதலில் திறந்தபோது
இட்லி மாவு
கல்லூரி முடித்துத் திரும்பியது போலிருந்தது.
கிவிகா மட்டும் சிரித்தான்.
அவன் மலையில் வேகவைத்த சோயாவை இலையில் கட்டி
அடுப்புக்கு மேலே விட்டுவைப்பார்களாம்.
"இது அதோட பணக்காரச் சித்தப்பா" என்றான்.

ரசம் வைக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை தெரியும்:
நுரை கட்டியதும் இறக்கு, கொதிக்க விடாதே.
மீதிப் பாதி, பிழியாமல் இருப்பது.
சீவல் தானாக அடியில் இறங்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.
எனக்கு அது வர
எட்டு மாதம் ஆயிற்று.

ஷடாக்ஷரி சார் வியாழன்தோறும் வருவார்.
வங்கியில் ஓய்வு பெற்றவர்.
கழுத்தில் லிங்கம், காதில் கருவி.
கருவி பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.
ஒரு சைவ மிசோ சூப், ஒரு கிண்ணம் சோறு.
மெனுவைத் தொட்டதே இல்லை.

ஜூலையில் ஒரு மழை வியாழன்
ஆவியில் நனைந்து நாடாக்கள் இரண்டும் கழன்றன.
யாரோ திரும்ப ஒட்டினார்கள்.
நான்தான் ஒட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.
கிண்ணத்தைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை.
"சென்னாகிதே" என்றார்.
"என்னப்பா போட்டே இதுல?"
"கடல்பாசி சார்."
சொன்னபோது பொய் இல்லை.
பாத்திரம் துலக்கும்போதுதான் பார்த்தேன்,
பச்சை நாடாப் பானையின் உள்விளிம்பில்
ஒட்டியிருந்த ஒற்றைச் சீவல்,
நகம் அளவு, ஊதா.

அடுத்த வியாழன் சரியான பானை.
ஒரு வாய் உறிஞ்சினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.
"சமையல்காரர் மாறிட்டாரா?"

அப்புறம் வாரத்துக்கு ஒன்றாய்:
காளானை இரட்டிப்பாக்கினேன்.
தக்காளியை உலர்த்தினேன்,
இந்த ஊரில் ஏது வெயில், அவனில்தான்.
வெங்காயத்தைக் கருக்கிப் போட்டேன்.
ஒருநாள் துவரம்பருப்புத் தண்ணீர்.
முராமத்சு சான் அன்று
ஒன்றும் சொல்லவில்லை,
கரண்டியைக் கழுவி, துடைத்து,
தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.
ஷடாக்ஷரி சார் எல்லாவற்றுக்கும்
"பக்கத்துல வந்திருக்கு" என்பார்,
சாவி தேடுகிறவனுக்குச் சொல்வது போல.

அவர் நாக்கைக் கெடுத்தது நான்.
அதைத் திருப்பிக் கேட்டுத்தான்
வாராவாரம் வருகிறார்,
கடன் கொடுத்தது தெரியாமலே.

தீபாவளிக்கு முந்தைய வியாழன்
சொல்லிவிடுவதென்று மேசைக்குப் போனேன்.
"சார், அன்னிக்குப் பானை மாறிப்போச்சு."
உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
காதைத் தொட்டுக் கருவியைத் திருகினார்.
"பானையை மாத்திட்டியா? அதானே பாத்தேன்.
பழைய பானையிலேயே வைப்பா."

கொஞ்ச நேரம் நின்றேன்.
இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.
தண்ணீர் டம்ளரை நிரப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

பானைகள் கொதிப்பதற்குச் சற்று முன்னால்
கொதிக்காமல் நின்றிருந்தன.
அவர் கேட்டது எதுவென்று எனக்குத் தெரியும்.
பச்சையில் முகந்தேன்.
தீயை அணைத்து, வடிகட்டியில் மிசோவை வைத்து,
கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து,
ஒரு கட்டி இல்லாமல் கரைத்தேன்.

கிண்ணம் காலியாகத்தான் திரும்பியது.
எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

"சொல்லிட்டியா?" கிவிகா கேட்டான்.
"சொல்லிட்டேன்."
"என்ன சொன்னார்?"
"பழைய பானை வேணுமாம்."